சாவு வந்தா டீ குடிக்கப் போவோம்

எங்கள் பக்கத்தில் சினிமாவில் யாராவது செத்தால் ஜனம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். மிகைப்படுத்தவில்லை. கதாநாயகனின் அம்மா கட்டிலில் படுத்து இருமத் தொடங்கியதுமே பின்னால் சலசலப்பு கேட்கும். அந்த அம்மா மகன் கையை மருமகள் கையில் பிடித்துக் கொடுத்து, கடைசி வார்த்தையைப் பாதியில் விட்டு, தலை சாய்ந்து, விளக்கு அணைந்து முடிவதற்குள் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடலாம் என்ற கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் “கல்நெஞ்சுக்காரங்கடா நீங்க” என்கிறார்கள். அதெல்லாம் இல்லை. தாராளமாகவே அழுவோம். அழுகிற இடம் வேறு, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் என்று நான் சொல்வது பாம்பன் பாலத்துக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும்: மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம். வடக்கே இருக்கும் பாக் நீரிணை எங்களுக்கு வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் தென்கடல். இரண்டில் எதிலோ ஒன்றில் போய்த் திரும்பாத ஒருவர் அனேகமாக எல்லா வீட்டுச் சொந்தத்திலும் இருப்பார்.

சாவு வீட்டில் அழுவதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. உடலைக் கிடத்தியதும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு ஒப்பாரி வைப்பார்கள். போனவர் வாங்கிப்போட்ட வலை, அடைக்காமல் விட்ட கடன், கூரை மாற்றாத வீடு எல்லாம் அதில் வரும். கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் தன் வீட்டுச் சாவையும் அதோடு சேர்த்து அழுதுகொள்ளலாம். ஆனால் அதற்கு உடல் வேண்டும். கடல் உடலைத் திருப்பித் தராத வீட்டில் ஒப்பாரியை யார் தொடங்குவது? ஒருத்தி வாயைத் திறந்தாலே, “எம் புருசன் செத்துட்டாருன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?” என்று சண்டை வந்துவிடும். சட்டமும் ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது. அந்த ஏழு வருஷமும் அந்தப் பெண் விதவையா சுமங்கலியா என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும்தான். ஆண்களுக்கோ உடல் வந்தாலும் முறை கிடையாது. பந்தல், குழி, பெட்டி, டீத்தண்ணி என்று அடக்கம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இவ்வளவும் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே இடம் டெக்குதான்.

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு டெக் என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: வி.சி.ஆர்., கலர் டிவி, கேசட் மூன்றையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டுவது. சடங்கு வீடு, கல்யாண வீடு, கோயில் திருவிழா எதுவானாலும் டெக்கு உண்டு. எங்களுக்குக் கொண்டுவருகிறவர் கீழக்கரைக்காரர். எல்லோருக்கும் அவர் ‘டெக்கு காக்கா’. காக்கா என்றால் அங்கே அண்ணன். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி அது. பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பதுபோல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார்.

தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா ஜூலையில் வரும். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் எறிகிற மாதம். டிவியைக் காற்றுக்கு முதுகு காட்டி வைப்போம். அப்படியும் மணல் உள்ளே போய் ஹெட் அழுக்காகி, திரையில் கோடு கோடாக ஓடும். காக்கா படத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து உருளையைத் துடைப்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். கோயில் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நடு எழுந்தேற்றத்தின்போதுகூட அவ்வளவு அமைதி இருக்காது. (சாமியார் படித்தால் மன்னிக்கவும்.)

காக்காவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சாமி படம், அடுத்து சண்டைப் படம், நள்ளிரவு தாண்டினால் அழுகைப் படம். பிள்ளைகள் மணலில் உருண்டு தூங்கியபிறகு பெரியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் தூங்குவதுபோல் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு துண்டுக்குள் அழுவார்கள், அல்லது சரியாக அந்த நேரம் பார்த்து பீடி பற்றவைக்க எழுந்து இருட்டுக்குள் போவார்கள். பீடி முடிந்தும் திரும்பி வராத ஆளை யாரும் கூப்பிடப் போவதில்லை. சண்டைக் காட்சியை, பாட்டை, வடிவேலு வந்தால் வடிவேலுவை “காக்கா, இன்னொருவாட்டி” என்று கத்தி ரீவைண்ட் பண்ணச் சொல்வோம். அழுகைக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு ராத்திரியில்தான் ‘மூன்றாம் பிறை’ ஓடியது. 1982இல் வந்த படம், கேசட்டாக எங்களை வந்து சேர்ந்தது பிற்பாடு. கதை தெரிந்ததுதான். விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட பெண்ணை ஒருவன் காப்பாற்றி வளர்க்கிறான். வைத்தியத்தில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. இடையில் அவனோடு இருந்த நாட்கள் மட்டும் துடைத்துவிட்டதுபோல் போய்விடுகின்றன. மழையில் கேத்தி ரயில் நிலையத்துக்கு ஓடிவருகிறான். ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறான், பயனில்லை. அவளைச் சிரிக்கவைக்க முன்பு ஆடிய குரங்காட்டத்தைத் தலையில் பானையை வைத்துக்கொண்டு ஆடிக்காட்டுகிறான். யாரோ பைத்தியம் என்று பார்க்கிறாள். ரயில் போய்விடுகிறது.

கடைசி பத்து நிமிஷத்தில் எங்கள் சித்தி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். மறைக்குது என்று பின்னாலிருந்து யாரும் சத்தம் போடவில்லை. சித்தப்பா வாடை மாதத்தில் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், போனவர். வல்லம் கவிழ்ந்து கிடைத்தது. கூடப் போனவர்களில் சிலர் உடலாக வந்தார்கள். அவர் வரவில்லை. ஊர் என்ன சொல்லும்? “சிலோன் கரையில ஒதுங்கியிருப்பாரு.” “தலையில அடிபட்டு பேரு ஊரு மறந்திருக்கும். ஞாவகம் வந்தா வந்துருவாரு.” ஆறுதலுக்குச் சொன்னது. அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

படம் முடிந்ததும் சித்தி ஓவென்று அழுதாள். ஒப்பாரிக்கு உட்காராதவள். அம்மா பிடித்து உட்காரவைத்ததும் அவள் சொன்னது இது: “செத்துப்போனாகூட ஆறிப்போயிரும்க்கா. உசுரோட முன்னாடி வந்து நிக்கிறான், அவளுக்குத் தெரியலயே.” அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காக்கா டிவியை அணைத்துவிட்டு, அன்றைக்குப் பாக்கி இருந்த படத்தைப் போடாமலே ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். காசைப் பற்றி யாரும் பேசவில்லை.

‘நினைவு தப்புவது தேய்ந்துபோன சினிமா உத்தி’ என்று எங்காவது படித்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நினைவு தப்பியவர், திருவிழாவில் தொலைந்த தம்பி, குடும்பப் பாட்டைக் கேட்டு ஒன்றுசேரும் அண்ணன் தம்பிகள் என்று கிண்டலடித்து வயிறு வலிக்கச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் எல்லோரும் ராத்திரி வீடு திரும்புகிற ஊர்க்காரர்கள். சித்திக்கு அது உத்தி இல்லை. நடக்கக்கூடியவற்றில் ஆக நல்லது அதுதான். அதிலும் இப்படி ஒரு கோணல் இருக்கும் என்று பாலு மகேந்திரா காட்டிவிட்டார். அவர் பிறந்தது மட்டக்களப்புப் பக்கம். எங்களுக்கு எதிர்க்கரை நாட்டுக்காரர்.

அந்தக் காட்சி ஏன் அப்படி வேலை செய்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வசனம் அதிகம் இல்லாததால் என்பார்கள். எனக்கு அதைவிட அந்தக் குரங்காட்டம்தான் படுகிறது. முன்பு நாம் சிரித்த அதே ஆட்டம். உடம்பு சிரிப்பை எதிர்பார்த்துத் தயாராகிறது, வருவது வேறு. அழுகிற ஆளைக் காட்டினால் நாம் பரிதாபப்படுவோம். சிரிக்கவைக்கத் திணறுகிற ஆளைக் காட்டினால் தப்பிக்க வழியில்லை.

இந்தக் கொள்கைக்கு நேர் எதிராகவும் ஒன்று இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1961இல் பீம்சிங் எடுத்த ‘பாசமலர்’. அதில் சிவாஜியும் சாவித்திரியும் எதையும் அடக்குவதில்லை, கொட்டித் தீர்க்கிறார்கள். சாவும் வருகிறது, ஒன்றல்ல இரண்டு. டீ குடிக்க ஒருவரும் எழுந்ததில்லை. இத்தனைக்கும் எங்கள் அப்பத்தா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, கேட்டதுதான். வானொலியில் ஞாயிறு மத்தியானம் ஒலிச்சித்திரம் வைப்பார்கள், முழுப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி. முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டே கேட்பார்கள். கை பாட்டுக்கு ஓடு உரிக்கும், கண் பாட்டுக்கு ஒழுகும், கையில் இறால் கவிச்சி என்பதால் தோள்பட்டையில்தான் துடைத்துக்கொள்ள முடியும். முகம் பார்க்காமல் மூச்சை மட்டும் கேட்டு அழுத கூட்டம் அது. சிவாஜி மிகை நடிப்பு என்பவர்கள் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுப் பேசலாம்.

சாவித்திரிக்கு எங்கள் தீவோடு ஒரு தொடர்பு உண்டு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது அவரும் ஜெமினி கணேசனும் ராமேசுவரத்தில்தான் இருந்தார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் புயலில் மாட்டிக்கொண்டார்கள். சாவித்திரியை நேரில் பார்த்ததாக அப்பத்தா சாகும்வரை சொன்னது. குடும்பத்தில் பாதிப்பேர் நம்புவதில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் அன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிபண்ணினார்கள், தனுஷ்கோடிக்கு ரயில் அதன்பிறகு போகவில்லை. அந்தத் தலைமுறைக்கு சினிமாவில் ரயில் நகர்ந்தாலே போதும். யார் யாரை வழியனுப்புகிறார்கள் என்பதெல்லாம் வேண்டாம். காமெடிப் படத்தில் ரயில் கிளம்பினாலும் அப்பத்தா மூக்கை உறிஞ்சும். எங்களுக்கு அப்போது சிரிப்பாக இருக்கும்.

2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்தபோது கதை எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. ராமேசுவரம் அகதி முகாமில் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட பெண்பிள்ளை தன்னைப் பெற்றவளைத் தேடிப்போகிற கதை. நிஜ முகாம் மண்டபத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிய இடம். 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களை அங்கேதான் வைத்தார்கள். என்னோடு படித்தவர்களில் முகாம் பிள்ளைகள் உண்டு. அதில் ஒருவனோடு ராமநாதபுரத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் பெற்ற தாய் வந்து நிற்க, பிள்ளை கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, அரங்கமே விசும்பியது. நானும்தான். அவன் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து பரோட்டா சாப்பிடும்போது, “கேக்கிறதுக்கு ஆளாவது வந்து நிண்டாவே” என்றான். பிறகு சால்னா கேட்டான்.

அந்தப் படத்தில் அவன் கண் கலங்கியது எங்கே என்று பல வருஷம் கழித்து போனில் கேட்டேன். கூட்டமாகப் படகில் ஏறுகிற இடமாம். மனிதர்களை அவன் பார்க்கவே இல்லை, மூட்டைகளைத்தான் பார்த்தானாம். அவன் அம்மா தையல் மிஷினைத் தலைமன்னாரில் விட்டுவிட்டு ஏறியவர்.

போன வருஷம், 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் ராமேசுவரம் கரையில்தான் தொடங்குகிறது. படகில் வந்து இறங்கும் குடும்பத்தை போலீஸ்காரர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். நல்ல படம். வெளியூரில் நெகிழ்ந்து பார்த்தார்களாம். எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் சிரித்தார்கள். 2022இல் இலங்கையில் விலைவாசி தலைக்கு மேல் போனபிறகு வந்தவர்களைப் படகுக்காரர்கள் பாதிக் கடலில் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனதையும், வெயிலில் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் நின்றதையும், அதிகாரிகள் வந்து ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோனதையும் பார்த்தவர்கள் அவர்கள். பார்த்த ஒன்றைச் சினிமா இலேசாக்கினால் அழுகை வராது.

கடல் காட்சிகளும் அப்படித்தான். புருஷனைக் காணாத பெண் தலைவிரி கோலமாக அலையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு ஓடுவாள், ஹெலிகாப்டரிலிருந்து படம் பிடிப்பார்கள். எங்கள் அக்காமார் “சேலை தடுக்கிறப் போகுது, பாத்துப் போ தாயி” என்பார்கள். நிஜத்தில் யாரும் அலையை நோக்கி ஓடுவதில்லை. மீனவர் சங்கத்துக்கு ஓடுவார்கள். அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போன விசைப்படகு காலையில் வரவில்லை என்றால் முதலில் போன், பிறகு படகுத்துறையில் கூட்டம், பிறகு வாட்ஸாப்பில் ஒரு படம் வரும். இலங்கைக் கடற்படை முகாமில் வரிசையாகக் குத்தவைத்து உட்காரவைத்து எடுத்த படம். நிழலாக, கலங்கலாக இருக்கும். ஒரே போனைச் சுற்றிப் பத்துத் தலை. இரண்டு விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, முகம் தெரியாவிட்டால் பனியன் நிறத்தை வைத்து, கைலிக் கட்டை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். “இந்தா இருக்காருடி!” என்ற சத்தத்தோடு ஒரு அழுகை வரும். சந்தோஷத்தில்தான். ஜெயில் என்றாலும் ஆள் இருக்கிறான். அதன்பிறகு ஊர்காவற்துறை கோர்ட்டோ மன்னார் கோர்ட்டோ, காவல் நீட்டிப்பு, யாழ்ப்பாணம் சிறை, ஒருநாள் விமானத்தில் சென்னை. படகு திரும்புவது அபூர்வம். இவ்வளவு நடக்கிறது. கையை நீட்டி ஓடுவதை மட்டும் ஏன் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் போன் படத்தைப் பெரிதாக்குகிற விரலை ஒருத்தர் எடுத்தால் தங்கச்சிமடமே தியேட்டரில் இருக்கும்.

ஆண்கள் எதற்கு அழுகிறார்கள் என்பதை மாமாவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மாமா விசைப்படகில் டிரைவர். தம்பியை அடக்கம் பண்ணின அன்று கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. 2005இல் வந்த சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ படத்தை டிவியில் பார்த்தபோது மனுஷன் உடைந்துபோனார். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கக் காசுக்காக அப்பா அலைகிற இடம். ராஜ்கிரண் கீழக்கரைக்காரர் என்பதால் மட்டும் இல்லை, மாமா அந்த அலைச்சலை ஒவ்வொரு வருஷமும் அலைந்தவர். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை 61 நாள் மீன்பிடித் தடை. நிவாரணத்தை 2023இல் மண்டபம் மீனவர் மாநாட்டில்தான் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்கினார்கள். மாமா காலத்தில் அவ்வளவு கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் படகு முதலாளியான சம்மாட்டி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நேராகக் கேட்கவும் கூடாது. இஞ்சினைப் பற்றி, வலையைப் பற்றி, காற்றைப் பற்றிப் பேசி, அவராக “என்னப்பா, ஏதும் வேணுமா?” என்று கேட்கும்வரை நிற்க வேண்டும். அன்றைக்கு மாமா டிவி முன்னால் துண்டைத் தேடினார். கிடைக்கவில்லை. கட்டியிருந்த கைலியை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

“என்ன மாமா?” என்றேன்.

“தூசி மாப்ளே. ஃபேனைத் துடைக்கச் சொன்னா உங்க அக்கா எங்க துடைக்கிறா” என்றார்.

தாய்க்காக அழுகிற படங்கள் நம்மிடம் ஏராளம். கடன் கேட்க நிற்கிறவனுக்காக அழவைக்கிற காட்சிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எடுத்துப் பாருங்கள், துண்டுகள் நனையும்.

இப்போது டெக்கு இல்லை. காக்கா மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். அழுகைக் காட்சிகள் முப்பது விநாடித் துண்டுகளாக, மேலே வேறொரு சோகப் பாட்டை ஒட்டிக்கொண்டு போனில் ஓடுகின்றன. சித்தியின் பேரன் இரண்டு மாதத்துக்கு முன் அப்படி ஒன்றைக் காட்டினான், ‘மூன்றாம் பிறை’ ஸ்டேஷன்தான். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியுமாடா உனக்கு?” என்றாள். தெரியாது என்றான். உட்காருடா என்று ஆரம்பித்தாள். விபத்து, வைத்தியர், நாய்க்குட்டி, ஊட்டிக் குளிர் எல்லாம் வந்தது. படத்தில் இல்லாதவையும் கொஞ்சம் வந்தது. பாதியில் அவன் போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தவனை விடவில்லை, “ஒயரை இங்கன கொண்டாந்து மாட்டிக்கிட்டுக் கேளு” என்றாள்.